கமராவுக்கு முறை கிடையாது: டெங்குக் காணொளிகளில் பேசிய மூவர் பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

திருகோணமலை மாவட்டத்தில் வேலைசெய்யும் ஒரு சிறிய தொண்டு அமைப்பு, மழை தொடங்குமுன் டெங்கு பற்றிய குறுங்காணொளிகள் சிலவற்றை எடுத்துத் தருமாறு எங்களிடம் கேட்டது. ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்கு மேற்படக் கூடாது. வட்ஸ்அப்பில் கைமாறிப் போகவேண்டும். பேசுகிறவர் நடிகராக இல்லாமல் ஊருக்குத் தெரிந்த முகமாக இருக்கவேண்டும். இவ்வளவுதான் கேட்டார்கள்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. இங்கே ஐப்பசியில் பிடிக்கும் வடகீழ்ப் பருவமழை தை வரை நீளும். அதன் பின்னாலேயே டெங்கும் வரும். 2017இன் முதல் மாதங்களில் கிண்ணியா நகரம் டெங்கால் பட்ட பாட்டை மாவட்டத்தில் யாரும் மறக்கவில்லை. அந்த ஆண்டில் இலங்கை முழுவதும் 186,000க்கு மேற்பட்டோர் டெங்கு நோயாளராகப் பதிவானார்கள். ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவும் துண்டுப்பிரசுரமும் அப்போதும் இருந்தன. வாசித்துக் காட்டும் குரல் கேட்டதும் மக்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள் என்பது அமைப்பின் ஒருங்கிணைப்பாளருடைய அனுபவம். அதனால்தான் தெரிந்த முகங்கள் வேண்டுமென்றார்.

மூவர் தெரிவானார்கள். ஒருவர், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர். நகரத்தின் ஒரு பகுதியில் இரண்டு தலைமுறைத் தாய்மாருக்கு அவர் ‘மிட்வைஃப் அம்மா’. அடுத்தவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஆசிரியர், பாடசாலை விழாக்களிலும் பட்டிமன்றங்களிலும் மைக்கை விடாதவர். மூன்றாமவர் கரையோரக் கிராமமொன்றின் மீனவர். கரையில் ஏற்றிவைத்த பழைய ஃபைபர் போட்டுகளிலும் டயர்களிலும் மழைநீர் தேங்கி நுளம்பு பெருகுவதைப் பற்றிச் சொல்ல அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை.

சொல்லவேண்டியதை ஒரு வைத்தியர் எழுதித் தந்தார். தேங்கிய நீரை வாரத்துக்கு ஒரு தடவையாவது கொட்டவேண்டும், ஏனென்றால் முட்டை நுளம்பாக மாற ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள் போதும். காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் தவிர அஸ்பிரினோ இபுபுரூபனோ கொடுக்கக் கூடாது, இரத்தக்கசிவைக் கூட்டும். காய்ச்சல் குறையும் கட்டம்தான் ஆபத்தான கட்டம். எல்லாம் சரியான, ஆனால் அச்சுத் தமிழில் அமைந்த ஒன்றரைப் பக்கம்.

எங்கள் தரப்பில் இருவர். நண்பர் கமராவைப் பார்த்துக்கொள்ள, பேசுகிறவர்களோடு இருப்பது என் வேலை. கருவிகள்: ஒரு நல்ல போன், முக்காலி, சட்டையில் குத்தும் சிறிய மைக் இரண்டு, லென்ஸுக்கு முன்னால் சாய்கண்ணாடி வைத்து எழுத்தை ஓடவிடும் மலிவான டெலிபுரொம்ப்டர்.

முதற் பதிவில் கண்டவை

திருகோணமலை என்று பார்த்ததும் தெரியவேண்டும் என்று அமைப்பு விரும்பியதால் முதற் பதிவு உப்புவெளிக் கடற்கரையில் நடந்தது. கிழக்குப் பார்த்த கரை அது. காலையில் கடலை முதுகுக்கு வைத்து நிற்பவரின் முகம் இருட்டாகும். கடலைப் பார்த்து நிற்பவர் கண்ணைச் சுருக்குவார். மதியத்துக்குப் பிறகு சூரியன் தரைப்பக்கம் வந்துவிட, இதே தொல்லை மறுபக்கமாக வரும். தென்மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று வேறு இன்னும் அடங்கவில்லை. போதாததற்கு, கமராவைக் கண்டதும் சிறுவர்கள் கூடினார்கள், பிறகு பெரியவர்களும்.

மிட்வைஃப் அம்மா கஞ்சி போட்ட சேலையில் வந்து, கைகளை முன்னால் கோத்துக்கொண்டு நின்றார். வரிகளை ஒன்றும் விடாமல் வாசித்தார். பார்த்தால் அவரைத் தெரியாதவர்கள்கூட, ‘யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்’ என்பார்கள். கண்கள் இடமிருந்து வலமாக மெல்ல நகர்ந்து திரும்ப இடம் வந்தன. இன்னொன்றும் தெரிந்தது: அவர் கண் இமைக்கவே இல்லை. இது அவருடைய பதற்றம் மட்டுமல்ல. ஓய்வாக இருக்கும் ஒருவர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 17 தடவை இமைப்பார், உரையாடும்போது 26 வரை போகும், வாசிக்கும்போது நாலைந்தாகக் குறையும் என்று அளந்திருக்கிறார்கள். கமராவில் வாசிப்பவர் முறைத்துப் பார்ப்பதுபோல் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆசிரியருக்குக் கூச்சமே இல்லை. எழுத்தும் வேண்டாமென்றார். பேசத் தொடங்கியதும் குரல் கடலைத் தாண்டியது. ‘அன்பார்ந்த பெற்றோர்களே’ என்று வலக்கை எழுந்தது. அங்கே இல்லாத கூட்டத்தைக் கண்கள் இடப்பக்கம் ஒரு தடவை, வலப்பக்கம் ஒரு தடவை என்று அளந்தன. மேடையில் இது தேர்ந்த பழக்கம். பின்வரிசைக்காரனும் தன்னைப் பார்க்கிறார் என்று நினைப்பான். சிறிய திரையிலோ, முகத்தைப் பார்க்க மறுக்கிற ஒருவரைப்போல் இருந்தது. கமராவுக்குப் பழக்கமில்லாதவரைவிட மேடைக்குப் பழகியவரோடு வேலைசெய்வது கடினம். கூச்சத்தைப் போக்கலாம், ஆனால் கைதட்டல் வாங்கித் தந்த பழக்கத்தை ஒருவர் ஏன் விடப்போகிறார்?

மீனவர் ஒரு வரி வாசித்தார். நிறுத்தினார். கேள்வியாகக் கேட்டுப் பார்த்தோம். ‘போட்டுக்குள்ள தண்ணி நிக்குமா அண்ணை?’ ‘ஓம்.’ ‘அதில நுளம்பு வருமா?’ ‘வரும்.’ அவ்வளவுதான். ஓம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய கேள்விக்கு அவர் அப்படித்தானே பதில் சொல்வார்.

எடுத்ததை அங்கேயே போனில் பார்க்க மிட்வைஃப் அம்மா ஆசைப்பட்டார். பார்த்தபின் இன்னும் இறுகிப்போனார். ‘இதுவா என்ர குரல்?’ என்பதுதான் முதற் கேள்வி. நம் குரலை நாம் மண்டையோட்டு எலும்பின் அதிர்வோடும் சேர்த்துக் கேட்டுப் பழகியிருக்கிறோம். பதிவில் அந்தப் பங்கு இல்லை. முகமும் அப்படித்தான், கண்ணாடியில் பழகியது இடம்வலம் மாறிய முகம். அடுத்த தடவை பேசும்போது அவர் டெங்குவை விட்டுவிட்டுத் தன் வாயையே கவனித்தார்.

அன்று எடுத்தவற்றில் எதையும் பயன்படுத்துவதில்லை என்று அமைப்போடு பேசி முடிவெடுத்தோம்.

என்ன நடக்கிறது என்று யோசித்தது

‘பயப்படாதீங்க, சும்மா கதையுங்க’ என்பது கமராவுக்குப் பின்னால் நிற்பவர்களின் வழக்கமான மந்திரம். அதனால் யாரும் சும்மா கதைத்ததை நான் கண்டதில்லை. பிரச்சினை தைரியத்தில் இருந்தால் ஆசிரியர் தப்பியிருக்கவேண்டும். அவரும் தப்பவில்லை.

பதிவுகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பட்டது இது. நம் பேச்சில் யாரோடு பேசுகிறோம் என்று தெரியாமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது. வா, வாரும், வாங்கோ, வாருங்கள் எல்லாவற்றுக்கும் ஆள் வேறு. மகள், தங்கச்சி, அக்கா, நானா (முஸ்லிம் வழக்கில் அண்ணன்), ஐயா என்று ஒன்று வாயில் வந்தால்தான் அதற்கேற்ற குரலும் முகமும் கையும் வரும். கமராவுக்கு முறை கிடையாது. அதற்கு முன் நிற்பவர், முறை இல்லாத ஆளோடு பேச நமக்கு இருக்கும் ஒரே தமிழுக்குப் போய்விடுகிறார்: பாடப்புத்தகத்தின் தமிழ், மேடையின் தமிழ், சின்ன வயதிலிருந்து காதில் விழுந்த இலங்கை வானொலி அறிவிப்பாளரின் தமிழ். அந்தத் தமிழோடு உடம்பும் விறைத்து நின்றுவிடுகிறது. சரியாகப் பேச முயல்வதால்தான் விறைக்கிறார்கள் என்றே சொல்லலாம்.

அப்படியானால் சொல்லிக் கொடுக்கவேண்டியது தோரணை அல்ல. ஒவ்வொருவருக்கும் கேட்கிற ஆள் ஒன்றைத் தேடவேண்டும். இதன்மேல் மற்ற முடிவுகளை எடுத்தோம்.

எடுத்த முடிவுகள்

எழுதிய பிரதியைப் பேசுகிறவர் கையில் கொடுப்பதில்லை. கட்டாயம் வரவேண்டிய விடயங்களை மூன்றாகக் குறைத்து, முதல்நாள் வாய்மொழியாகப் பேசிவைத்தோம். சொல் தவறலாம், செய்தி தவறக் கூடாது. வெட்டித் தொகுத்ததை வைத்தியர் பார்த்த பிறகே வெளியிடுவோம் என்று அவரிடம் ஒப்புதல் வாங்கினோம். அவர் இதற்குத் தயங்கினார், அதில் நியாயமும் இருந்தது. பின்னால் வந்த சிக்கல்கள் அந்தத் தயக்கத்தை மெய்ப்பித்தன.

கடற்கரையைக் கைவிட்டு அவரவர் வீட்டுக்கும் தொழிலிடத்துக்கும் போனோம். வேடிக்கை பார்க்க ஆள் வராத நேரமாகப் பார்த்தோம். ‘ரெடி, ஸ்டார்ட்’ என்று சொல்வதையும் நிறுத்தினோம். மைக் குத்தியதும் கமரா ஓடத் தொடங்கும் என்று முன்கூட்டியே அவர்களிடம் சொல்லி ஒப்புதல் எடுத்துவிட்டு, தேத்தண்ணி குடித்துக்கொண்டே பேச்சைத் தொடக்கினோம். எடுத்ததை வேலை முடியும்வரை யாருக்கும் காட்டவில்லை. போனின் பின்பக்கக் கமராவையே பயன்படுத்தினோம். திரையில் தன் முகம் தெரிந்தால் கண் அங்கேதான் போகும், லென்ஸுக்குப் போகாது.

கமராவை ஏறக்குறைய இரண்டு மீற்றர் தள்ளி, கண்மட்டத்தில் வைத்தோம். போனின் சாதாரண லென்ஸ் அகலமானது. கைநீளத்தில் பிடித்தால் மூக்கு பெருத்துக் காது பின்னால் போகும். அதைவிட, மூக்கடியில் ஒரு பொருளை நீட்டினால் யாரும் தலையைப் பின்னுக்கு இழுப்பார்கள்.

மிட்வைஃப் அம்மா

விறாந்தையில், வெயில் நேரே விழாத நிழலில், அவர் வழக்கமாகக் குந்தியிருக்கும் நாற்காலியில் இருத்தினோம். முதலில் எதிரே ஒருங்கிணைப்பாளர் உட்கார்ந்தார். அவர் அலுவலக மனிதர். அம்மாவின் பேச்சு உடனே ‘பெற்றுக்கொள்ளுங்கள்’, ‘அவதானியுங்கள்’ என்று போனது. கேட்கிற ஆள் இருந்தால் மட்டும் போதாது, அது சரியான ஆளாகவும் இருக்கவேண்டும்.

அவருடைய பக்கத்து வீட்டில் ஒரு இளம் தாய் இருந்தாள். அவளுடைய தாயாரையும் பிறகு அவளையும் கிளினிக்கில் பார்த்தவர் இந்த அம்மா. அவளைக் கூப்பிட்டுத் தாழ்வான முக்காலி ஒன்றில் இருத்தி, அவளது தலைக்கு மேல் மட்டுமட்டாக லென்ஸ் வரும்படி வைத்தோம். கீழே என்பதற்குக் காரணம் உண்டு. பேசுகிறவரின் பார்வை பக்கவாட்டில் சற்று விலகினாலும் பார்ப்பவர் கண்டுபிடித்துவிடுவார், மேலே போனாலும் அப்படியே. லென்ஸுக்குச் சற்றுக் கீழே பார்ப்பதை மட்டும் நம்மையே பார்ப்பதாக ஏற்றுக்கொள்கிறோம்.

அவளிடம் கேள்வித்தாள் எதுவும் கொடுக்கவில்லை. மகனுக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்யவேண்டும் என்று அம்மாவிடமே கேட்கச் சொன்னோம். அவள் தன்பாட்டில், ‘காய்ச்சல் விட்டிட்டா பிறகு பயமில்லைத்தானே அம்மா?’ என்றாள். அதற்கு வந்த பதில்தான் காணொளியின் உயிர்:

‘அதுதான் எல்லாரும் விடுற பிழை மகள். காய்ச்சல் விட்டிட்டுது, பிள்ளை எழும்பி இருக்குது எண்டு நீ நினைப்பாய். அந்த நேரந்தான் கூடுதலாப் பார்க்கவேணும். வயிறு நோகுதெண்டு அழுகிறானா, சத்தி நிக்காமல் போகுதா, சோர்ந்து கிடக்கிறானா, மூத்திரம் போறது குறைஞ்சிட்டுதா எண்டு பார். ஒண்டு இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ. விடியட்டும் எண்டு இருக்கப்படாது.’

சொல்லும்போது கோத்திருந்த கைகள் தாமாகப் பிரிந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு விரலை மடக்கினார். கைகளை இப்படி வையுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் வேலை அந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருப்பது மட்டுமே. பிரதியில் ‘பரசிற்றமோல்’ என்றிருந்ததை அவர் ‘பனடோல்’ என்றார், வைத்தியரும் அதை விட்டுவிட்டார்.

அதே கேள்வியை இன்னும் தெளிவாகக் கேட்டுப் பார்க்கலாம் என்று திரும்ப எடுத்தோம். சொற்கள் ஒழுங்காக வந்தன, ஆனால் அவர் முன்பு சொன்னதை நினைவுபடுத்திச் சொல்வது தெரிந்தது. முதலில் வந்ததையே வைத்துக்கொண்டோம், நடுவில் ஒரு கோழி கூவியிருந்தும்.

ஆசிரியர்

எதிரே ஆளை இருத்தும் வழி இவரிடம் எடுபடவில்லை. மாணவன் ஒருவனை இருத்தினால் பாடம் நடத்தினார். என்னை இருத்தினால், என் தலைக்குப் பின்னால் இருக்கும் சபைக்குப் பேசினார். நிறுத்திவிட்டு வெறுமனே கதைத்துக்கொண்டிருந்த வேளையில் கட்டாரில் வேலைசெய்யும் அவருடைய மூத்த சகோதரரிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. அவர் போனை எடுத்தார். அந்த நிமிடத்தில் குரல் பாதியாக இறங்கியது, தோள் தளர்ந்தது. நாங்கள் தேடிக்கொண்டிருந்த மனிதர் அங்கே இருந்தார்.

எழுத்தை ஓடவிட வாங்கிய டெலிபுரொம்ப்டரை அப்போதுதான் வேறு வேலைக்கு எடுத்தோம். கண்ணாடிக்கு அடியில் எழுத்துக்குப் பதிலாக வீடியோ அழைப்பில் சகோதரரின் முகத்தை வைத்தோம். கண்ணாடியில் நானாவின் முகம். அதற்குப் பின்னால், நேர் நடுவில் லென்ஸ். நானாவின் கண்ணைப் பார்த்தால் பார்ப்பவரின் கண்ணைப் பார்த்ததாகும். இது எங்கள் கண்டுபிடிப்பல்ல. அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் எரோல் மொரிஸ் நேர்காணல்களுக்கு இரண்டு டெலிபுரொம்ப்டர்களை இணைத்து இதே வழியைக் கையாண்டார், அவருடைய அமைப்புக்கு இன்ரரோட்ரோன் என்று பெயர். கண்ணாடியில் முகம் இடம்வலம் மாறித்தான் தெரியும். எழுத்தென்றால் அது தொல்லை, முகத்துக்கு ஒரு வித்தியாசமும் இல்லை. நானாவின் குரல் மைக்கில் விழாமலிருக்க, கமராவுக்கு மறைந்த பக்கத்துக் காதில் சிறிய இயர்போன் ஒன்று. இணைப்பு சில இடங்களில் தாமதித்தது. பதில் வரும்வரை அவர் நானாவைப் பார்த்துக் காத்திருந்தது படத்தில் யோசிப்பதுபோல் வந்தது.

‘நானா, வீட்டுக்குப் பின்னால ஒருக்காப் பார்க்கச் சொல்லுங்க. தண்ணித் தொட்டி மூடி இருக்கா, பீலிக்குள்ள இலை அடைச்சிருக்கா, கோழிக்குத் தண்ணி வைக்கிற சட்டி காஞ்சிருக்கா. சட்டியக் கவுத்தா மட்டும் போதாது, உள்பக்கம் தேய்ச்சுக் கழுவணும். முட்டை ஒட்டிக்கிட்டு இருக்கும், காஞ்சாலும் சாகாது.’ பட்டிமன்றத்தில் இவரைக் கேட்டவர்கள் இதுவும் அவர்தானா என்று கேட்டார்கள். நுளம்பு முட்டை ஈரமில்லாமல் மாதக்கணக்கில் கிடந்து, நீர் பட்டதும் பொரிக்கும் என்ற விடயம் பிரதியில் ஒரு நீண்ட வாக்கியமாக இருந்தது. மேலே கண்டதுபோல் அது சட்டிக்குள் அடங்கிவிட்டது.

மீனவர்

அவரிடம் நாங்கள் செய்தது குறைவு. வாடியில் (மீனவர் கரைக்குடிலில்) வலை பொத்திக்கொண்டிருந்தவரை அப்படியே விட்டுவிட்டோம். அவருடைய மருமகன் பக்கத்தில் இருந்து நூல் சுற்றினான். ‘உங்கட பழைய போட்டைப் பற்றிச் சொல்லுங்கோ மாமா’ என்று அவன்தான் தொடக்கினான். ஓம், இல்லை என்று முடியாத கேள்வி. கை வேலையில் இருந்தபோது வாய் தடையில்லாமல் பேசியது. யாருடைய போட்டுகள் எத்தனை மாரிகளாகக் கவிழ்க்காமல் கிடக்கின்றன, அள்ளிப் பார்த்தால் புழு எப்படி நெளியும் என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு தடவைகூட நிமிர்ந்து கமராவைப் பார்க்கவில்லை. பார்க்கவேண்டும் என்று நாங்களும் கேட்கவில்லை. லென்ஸைப் பார்த்தால்தான் இயல்பு என்பது அறிவுரை சொல்லும் காணொளிக்குப் பொருந்தும். தொழில்செய்பவர் தன் தொழிலைப் பார்த்துப் பேசுவதுதான் இயல்பு.

ஒலியும் ஒளியும்

நகரவீட்டில் மின்விசிறியையும் குளிர்சாதனப் பெட்டியையும் நிறுத்தினோம். மறுபடி போட மறக்காமலிருக்க, நண்பர் தன் மோட்டார் சைக்கிள் திறப்பைக் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தார். கரையில் மைக்குக்குப் பஞ்சுறை போதவில்லை, மயிருறை போட்டபின் கச்சான் இரைச்சல் அடங்கியது. ஆசிரியர் வீட்டில் குழல்விளக்கு. நம் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், அதனால் ஷட்டரை ஐம்பதில் அல்லது நூறில் ஒரு நொடியில் நிறுத்தாவிட்டால் படத்தில் பட்டைகள் ஓடும்.

இயல்பு வந்தபின் வந்த சிக்கல்கள்

மனிதர்கள் இயல்பாகப் பேசினால், இயல்பாக என்ன சொல்வார்களோ அதையும் சொல்வார்கள். பிரதியைக் கைவிட்டதன் விலை இது.

மீனவரின் பேச்சில் மிக உயிரோட்டமான இடம், தன் மகனுக்கு டெங்கு வந்தபோது பப்பாசி இலைச் சாறு பிழிந்து கொடுத்த கதை. நிறுத்தாமல், சிரித்துக்கொண்டு, சாறு கசந்து பையன் ஓடியதை நடித்துக் காட்டினார். அந்தப் பகுதியைப் பார்த்த எல்லோரும் ரசித்தார்கள். வைத்தியர் மட்டும் சிரிக்கவில்லை. சாற்றை நம்பி ஒரு நாள் வீட்டில் இருந்துவிட்டால் அந்த ஒரு நாளே ஆபத்தான நாளாக இருக்கலாம் என்றார். கீழே ஒரு எச்சரிக்கை வரி போட்டு வைத்துக்கொள்ளலாமா என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். சிரிக்க வைத்த கதை நினைவிலிருக்கும், கீழே ஓடும் வரி இருக்காது என்பது என் கருத்து. நீக்கினோம். பிள்ளையை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனீர்கள்தானே, அதைச் சொல்லுங்கள் என்று அவரிடம் கேட்டபோது, எங்களுக்கு என்ன பதில் வேண்டுமென்று அவருக்குத் தெரிந்துவிட்டது. திரும்ப அந்தக் கடற்கரை மனிதராகிவிட்டார். ஆகவே நோய் பற்றிய பகுதி முழுவதையும் விட்டு, போட்டும் டயரும் வரும் பகுதியை மட்டும் வைத்தோம். ஏன் என்பதை அவரிடம் நேரில் போய்ச் சொன்னோம். அவருக்கு அது பிடிக்கவில்லை. தடையும் சொல்லவில்லை.

மிட்வைஃப் அம்மாவின் பதிவில் சிக்கல் வேறுவிதம். பேச்சு வாக்கில், 2017இல் தாமதமாகக் கொண்டுபோன ஒரு பிள்ளையைப் பற்றிச் சொன்னார். பெயர் சொல்லவில்லை. ஆனால் ஒழுங்கையும் கோயிலும் தகப்பனின் தொழிலும் வந்துவிட்டன. இந்த ஊரில் அது பெயர் சொன்னதற்குச் சமம். வெளியிடுமுன் அவருக்குக் காட்டியபோது அவரே அதைப் பிடித்துக்கொண்டார். ‘இதை எடுத்துப்போடுங்கோ தம்பி, அந்தத் தாய் பார்ப்பாள்’ என்றார். அது போனது.

விளைவு

மழைக்கு முன் மூன்று காணொளிகளும் வட்ஸ்அப் குழுக்களில் போயின. நோய் குறைந்ததா என்பதற்கு இவற்றை வைத்துக் கணக்குச் சொல்ல முடியாது, டெங்கு ஆண்டுக்காண்டு தானாகவே ஏறி இறங்கும். காதுக்கு வந்தவை மட்டும் இங்கே.

மிட்வைஃப் அம்மாவின் காணொளி மூன்றிலும் அதிகமாகக் கைமாறியதாக அமைப்பு சொன்னது. பார்த்தவர்கள் அதில் வந்த ‘காய்ச்சல் விட்டபிறகுதான் பார்க்கவேணும்’ என்பதைத் திருப்பிச் சொன்னார்கள். இளம் தாய்மார் சிலர் அவருடைய வீட்டுக்கே வந்து கேள்வி கேட்டார்கள். ஓய்வுபெற்றவருக்கு அது மகிழ்ச்சியா தொல்லையா என்று அவர் சொல்லவில்லை. இன்னொரு பக்கம், காணொளியை ஓர் அரசாங்க நிகழ்வில் போட விரும்பியபோது, ‘நீ’ என்று பேசுவது சபைக்கு ஏற்றதல்ல என்று ஒரு அதிகாரி மறுத்துவிட்டார். அந்த நிகழ்வுக்குப் படங்களும் எழுத்தும் மட்டும் கொண்ட வேறொன்றைச் செய்து கொடுத்தோம். அம்மாவின் பேச்சைத் திருத்தவில்லை.

ஆசிரியரின் காணொளி நன்றாக வந்தும், கிண்ணியாப் பெண்கள் சிலர் சொன்னது எங்களை யோசிக்கவைத்தது. ‘அவர் அவங்கட நானாவுக்கில்லியா சொல்றார்’ என்றார்கள். தொட்டி மூடுவதும் சட்டி கழுவுவதும் பெரும்பாலும் அவர்கள். நாங்கள் தெரிவுசெய்த கேட்பவரோ கட்டாரில் இருக்கும் ஆண். பேசுகிறவருக்கு வாய் திறக்க உதவிய அதே முறைப்பெயர், பார்ப்பவர்களில் பாதிப் பேரை வெளியே நிறுத்திவிட்டது.

மீனவரின் காணொளி மூன்றிலும் குறுகியது. அவருடைய கிராமத்தில் அது வேறு யாரையும்விட அவருடைய மருமகனைப் பிரபலமாக்கியது.

அடுத்த முறை மாற்றவிருப்பவை

கேட்கிற ஆளைத் தெரிவுசெய்யும்போது இரண்டு கேள்விகள் கேட்போம். இவரைக் கண்டால் பேசுகிறவரின் முகம் மாறுகிறதா? இவர், நாங்கள் சொல்லும் காரியத்தைச் செய்யவேண்டியவரா? ஆசிரியருக்கு அவருடைய மதினியோ தங்கையோ கண்ணாடியில் வந்திருந்தால் இரண்டும் பொருந்தியிருக்கும். அவர்கள் முகம் காட்ட விரும்பாவிட்டாலும் கவலையில்லை, கண்ணாடியில் தெரியும் முகம் பதிவாகாது. குரல் மட்டும் இயர்போனில் இருந்தாலே போதுமா என்பதைச் சோதித்துப் பார்க்கவேண்டும்.

வைத்தியரைப் பதிவு முடிந்தபின் அழைப்பதைவிட, பதிவுக்கு முன்னான வாய்மொழிப் பேச்சில் இருத்துவோம். பப்பாசிக் கதை அங்கேயே வெளிவந்திருக்கும். கமரா முன் சொல்லி, பார்த்தவர்களெல்லாம் ரசித்த கதையை அறுப்பதைவிட, அதற்கு முன்பே உட்கார்ந்து பேசுவது மீனவருக்கு மரியாதை. தன் பிள்ளைக்குச் செய்ததைச் சொன்ன மனிதரை, பிழை செய்தவர்போல் உணரவைக்கத் தேவையிருந்திருக்காது.

வெளியிடுமுன் பேசியவருக்குக் காட்டுவதை ஒப்பந்தத்திலேயே எழுதுவோம். இந்த முறை மிட்வைஃப் அம்மா தானாகக் கேட்டதால்தான் அது நடந்தது. மற்ற இருவரும் தங்கள் காணொளியைக் குழுவில் வந்தபோதுதான் பார்த்தார்கள்.

கடற்கரையில் நின்று பேசும் காட்சி வேண்டுமென்று இனி யாராவது கேட்டால், பேச்சை வீட்டில் எடுத்து, கடலைத் தனியாக எடுத்துத் தருவோம்.